பெயர் மாற்றாத கார்

சாள்ஸ் காரைச் சுற்றி வந்தான். முதல் சுற்றில் எதையும் தொடவில்லை. இரண்டாவது சுற்றில் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து முன் மட்கார்டில் வைத்தான். காந்தம் ஒட்டாமல் மணலில் விழுந்தது.

"பட்டி," என்றான் பக்கத்தில் நின்ற றவூப்பிடம். சிங்கள வழக்கில் அவனுக்கு ஆண்கள் எல்லாரும் மல்லி, தம்பி; பெண்கள் எல்லாரும் நோனா. "இரும்பு எங்க மல்லி? முழுக்கப் பட்டி பூசி வெச்சிருக்கிற சாமான்."

யன்னல் திரைக்குப் பின்னால் கமறியா இருந்தாள். வெள்ளைச் சேலை. கணவன் ஜபார் மௌத்தாகி மூன்று மாதம் கடந்திருந்தது. இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. அதுவரை அவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது, படலையைத் தாண்டவும் கூடாது. அது தெரிந்துதான் ஜபாரின் தம்பி றவூப், சிலாபத்துக் கார் யாவாரி சாள்ஸை இந்தக் கிழமை குறிஞ்சிப்பிட்டிக்குக் கூட்டி வந்திருந்தான்.

"அந்த மட்கார்ட் மட்டும்தான் பட்டி," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "பாலாவியில மாடு அடிச்சது. மத்தப் பக்கமும் வெச்சிப் பாருங்க."

சாள்ஸ் நிமிர்ந்தான். யன்னலைப் பார்த்தான். திரைதான் தெரிந்தது.

"ஆரு மல்லி கதைக்கிறது?"

"மதினி," என்றான் றவூப். "நீங்க வேலையப் பாருங்க."

சாள்ஸ் மற்றப் பக்கம் காந்தத்தை வைக்கவில்லை. கதவைத் திறந்து காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினான். தகட்டை விரலால் தட்டினான். விரல் உள்ளே போனது.

"உப்புக் காத்து தின்னிட்டு. இதால ரோட்டைப் பாத்துக்கிட்டே போகலாம். காத்தோட்டம்." தனக்குத் தானே சிரித்தான். பிறகு பொனற்றைத் தூக்கி, எண்ணெய்க் கம்பியை இழுத்து மூக்கருகே கொண்டு போனான். முகம் மாறியது. "மண்ணெண்ணெய் மணக்குது. பெற்றோலோட கலந்து ஓடியிருக்கு. எண்ணெய் தண்ணியாப் போயிருக்கு, ரிங் எல்லாம் தேஞ்சிருக்கும். ஆரு ஓடினது?"

றவூப் குனிந்து விரிப்பைத் திரும்பப் போட்டான். அவன்தான் ஓடினான். ஜபார் ஆட்களைப் பிடித்து ஹயர் பேசுவான், தம்பி ஓடுவான். ஒவ்வொரு நாளும் பெற்றோலுக்கென்று காசு வாங்கிப் போனதும் தம்பிதான். ஏற்றத்தில் கார் ஏன் இருமுகிறது என்று ஜபார் கேட்டபோதெல்லாம், பழசு நானா, அப்பிடித்தான் என்று அண்ணனிடம் சொன்னவனும் அவன்தான்.

"றவூப்," என்றாள் கமறியா.

"என்ன?"

"கேட்டிச்சா?"

"வாயை மூடிட்டு இரிங்க மதினி. இது பொம்பிளைகள்ட கதையில்ல. உள்ளுக்கு இரிங்க."

"உள்ளுக்குத்தான் இரிக்கன்."

சாள்ஸ் பொனற்றை மூடினான். அவனுக்கு இந்த வீட்டுச் சண்டை பிடித்திருந்தது. சண்டை உள்ள வீட்டில் சாமான் மலிவு. ஆனால் அவன் காரை வாங்க வரவில்லை, மாற்ற வந்திருந்தான். அவனிடம் ஒரு வேன் நின்றது. காரைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்தால் வேன் றவூப்புக்கு. அப்படித்தான் பேச்சு. வேன் வந்தால் அகதி முகாம்களுக்குச் சாமான் ஏற்றலாம், ஆலங்குடாவிலிருந்து மீன் ஏற்றலாம் என்று றவூப் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"இந்த இரும்புக்கு வேற ஆரும் ஒண்டும் தரமாட்டான் மல்லி. நான் எடுக்கிறன். நீ மேல வெக்கிறதச் சொல்லு, வியாழக்கிழமை வேன் இங்க நிக்கும்."

"வேனுக்கு என்ன விலை?" என்றது திரை.

"அது நோனா, மாத்துக்கு மாத்து..."

"வேனுக்கு என்ன விலை எண்டு தனியாச் சொல்லுங்க. காருக்கு என்ன விலை எண்டு தனியாச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரு சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. கிண்டினா எது எங்க போச்செண்டு தெரியாமப் போகும்."

ஜபார் முந்தி ஒரு வேனை இப்படி மாற்றி ஏமாந்தவன். பழையதுக்கு நல்ல விலை தந்தான் என்று ஒரு மாதம் சந்தோசப்பட்டான். புதியதில் அந்த யாவாரி எவ்வளவு ஏற்றி வைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருசம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதையே சொல்லிக் கொண்டிருந்தான். கேட்டவள் அவள் ஒருத்திதான்.

சாள்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தான். "நோனா கெட்டிக்காரி. நீ சொல்லல்லியே மல்லி."

"கார் விக்கிறதுக்கில்ல," என்றாள் கமறியா. "ரெண்டு விலையும் கேட்டது, நீங்க எப்பிடிப்பட்ட ஆள் எண்டு பாக்க. போயிட்டு வாங்க."

றவூப் யன்னலருகே வந்தான். திரைக்கு இந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. கணவனின் தம்பியும் அந்நியன்தான். இத்தனை வருசம் அவள் கையால் சோறு தின்றவன்.

"மதினி, ஒரு கதை. பிள்ள குட்டி ஒண்டும் இல்ல. நாலில ஒண்டு ஒங்களுக்கு. மிச்சம் எனக்கு. நான் சொல்லல்ல, மார்க்கம் சொல்லுது. பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன்."

"மௌத்தானவர்ட சொத்துக்குத்தான் மார்க்கம் பங்கு சொல்லுது. கார் அவர்ட இல்ல. என்ட காப்பும் அட்டியலும் போய் வந்த கார்."

"யாரு கண்டது?"

"வித்தவர் கண்டவர். கையில வாங்கினவர்."

"அந்த உடப்புத் தமிழனா?" றவூப் சிரித்தான். "அந்தாள் வீட்டை விட்டு ரோட்டுக்கு வரப் பயந்து கிடக்கிறான். இங்க வந்து ஒங்களுக்குச் சாட்சி சொல்லுவானாம்."

சேட்டுக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தான். அதற்குள் மடித்த கடதாசி. கமறியாவுக்குத் திரையின் ஓரத்து இடுக்கால் அது தெரிந்தது. ஜபார் அதைக் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள்தான் வைத்திருந்தான். எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள்.

ஓப்பன் பேப்பர் என்பார்கள். விற்றவன் கையெழுத்து வைத்துக் கொடுப்பான். வாங்கினவனின் பேரும் திகதியும் வெறுமையாக இருக்கும். பேர் மாற்றக் கொழும்புக்குப் போக வேண்டும், வரி கட்ட வேண்டும். அதனால் ஒருத்தரும் மாற்றுவதில்லை. வாங்கினவன் ஓடுவான், அலுத்தால் அதே கடதாசியோடு இன்னொருத்தனுக்குக் கொடுப்பான். கடதாசி யார் கையிலோ கார் அவன் கையில். காரின் பதிவுப் புத்தகத்தில் மட்டும் பழைய ஆளின் பேர் கிடக்கும். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சனம் வள்ளங்களில் வந்து இறங்கிய வருசம் ஜபார் இந்த ஒஸ்டின் காரை வாங்கினான். ஆறு வருசம் ஆகியும் புத்தகத்தில் உடப்பு முத்துலிங்கத்தின் பேர்தான்.

"வியாழக்கிழமை," என்றான் றவூப். "என்ட பேர எழுதக்கூடத் தேவையில்ல. அப்பிடியே சாள்ஸ் அண்ணனுக்குக் குடுப்பன்."

"எனக்கும் அதுதான் லேசு," என்றான் சாள்ஸ்.

அன்று பின்னேரம் அடுத்த வீட்டு ஜெய்னம்பு வந்தாள். கருவாடு விற்கிறவள். உடப்பு வரை போய் வருகிற கால்.

"நீ உடப்புக்குப் போகணும்," என்றாள் கமறியா.

"எனக்கு என்ன விசரா? வழியில நாலு செக் பொயின்ட். கூடைய மணலில கொட்டிக் கிளறுவானுகள். போன முறை ஒருத்தன் கருவாட்ட மணந்து பாத்துட்டுச் சத்தியெடுத்தான். என்னைத்தான் ஏசினான்."

"அந்த முத்துலிங்கத்திட்டச் சொல்லு. ஜபார் மௌத்து. தம்பிக்காரன் வியாழக்கிழமை காரை முகம் தெரியாதவனுக்கு விக்கிறான். ஓப்பன் பேப்பரோட."

"அது மட்டுமா? காப்புக் கதை சொல்லவா?"

"வேணாம். இது போதும்."

ஜெய்னம்பு புதன்கிழமை போனாள். இருட்டமுதல் திரும்பி வந்து கூடையை முற்றத்தில் போட்டாள்.

"அந்த மனுசன் ஏசின ஏச்சு! என்ட வாப்பாவ, ஒன்ட வாப்பாவ, மௌத்தான ஒன்ட புருசன, ஒருத்தரையும் விடல்ல. பொஞ்சாதி வந்து கையப் பிடிச்சு இழுக்கிறா. நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லல்ல. எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இரிக்கி."

"வாறாரா?"

"வராமலா? செருப்பைத் தேடிக்கொண்டு நிண்டான்."

வியாழக்கிழமை சாள்ஸ் வேனோடு வந்தான். வெள்ளை வேன். டயருக்குக் கறுப்புப் பூசி மினுக்கியிருந்தான். றவூப் புதுச் சாரம் கட்டியிருந்தான். இரண்டு பேரும் வேனுக்குள் ஏறி இறங்கினார்கள். றவூப் ஹோனை அடித்துப் பார்த்தான், பிறகு இன்னொரு முறை. கமறியா யன்னலடியில் கதிரையில் இருந்தாள். ஜெய்னம்பு அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்து பாக்கு வெட்டினாள்.

முத்துலிங்கம் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். மெலிந்த மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட சேட்டு. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே படலைக்குள் நுழைந்தார். யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் பிடித்திருந்தார். பிறகு அது கையில் இருப்பதைக் கண்டு சட்டைப்பையில் வைத்தார்.

கதிரை வைத்தார்கள். இருக்கவில்லை.

"ஆர் விக்கிறது?"

"நான்," என்றான் றவூப். "ஜபார் நானாட தம்பி. அண்ண, ஒங்களுக்கு இதில ஒண்டும் இல்ல. நீங்க அந்தக் காலமே கையெழுத்து வெச்சிட்டீங்க."

"வெச்சன். ஒரு கிழமையில பேர் மாத்துறன் எண்டு உன்ட நானா சொன்னார். வெச்சன்." அவர் காரைப் பார்த்தார். "ஆறு வருசம். எத்தின தரம் வந்து சொன்னன் தெரியுமா? அடுத்த மாசம், அடுத்த மாசம். வரி கூடவாம். வரி! ஒவ்வொரு தரமும் இந்தக் காரை எங்கையாவது மறிச்சா என்ட வீட்டு வாசலில ஜீப் நிக்கும். உடப்பில முத்துலிங்கம் எண்டு ஒருத்தன், தமிழன், அவன்ட காரை எவனெவனோ ஓடுறான். கொழும்பில குண்டு வெடிச்சா நான் உடப்பில கோவிலுக்குப் போக ஏலாது."

திரைக்குப் பின்னால் கமறியா அசையவில்லை. பேர் மாற்றுகிற காசுக்கு நாலு டயர் வாங்கலாம் என்று ஜபாரிடம் சொன்னது அவள்தான். முதல் வருசமே சொன்னாள். ஜபார் அதற்குப் பிறகுதான் அடுத்த மாதம் என்று சொல்லத் தொடங்கினான்.

"அது நானா செஞ்ச பிழை," என்றான் றவூப். "மௌத்தான ஆளில போட்டு என்ன பிரயோசனம்?"

"போன வருசம் காரைப் பொலிஸ் பிடிச்சு வெச்சதே. ஆர் ஓடினது?"

றவூப் சாரத்தை இழுத்துக் கட்டினான்.

"நீதானே? என்னை ரெண்டு கிழமை உள்ளுக்கு வெச்சிருந்தானுகள். ஏன் எண்டு கேட்டன். நீ சொன்னதை வாசிச்சுக் காட்டினானுகள். கார் உடப்பு முத்துலிங்கத்தின்ட. நான் அவர்ட கூலி டிரைவர். ஆரை ஏத்துறது, எங்க கொண்டுபோய் இறக்கிறது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அப்பிடிச் சொல்லிக் கையெழுத்தும் வெச்சிருக்கிற. அவருக்குத்தான் தெரியுமாம்! உன்ட மூஞ்சியை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

முற்றத்தில் காகம் ஒன்று கத்தியது. ஜெய்னம்புவின் பாக்குவெட்டி நின்று போனது.

"அடிச்சானுகள் அண்ண," என்றான் றவூப். குரல் இறங்கியிருந்தது. "வேற என்ன சொல்ல? புத்தகத்தில ஒங்கட பேர்தானே இரிந்திச்சி. நான் ஓடுற ஆள். ஆறு வருசம் ஓடினன், நானா தந்தது பீடிக் காசு. கார் என்ட எண்டா, நீ எப்பிடித் தமிழன்ட பேரில கார் வெச்சிருக்கிற எண்டு என்னையும் உள்ளுக்குத் தூக்கிப் போட்டிருப்பானுகள்."

"என்னை அடிக்கல்லயெண்டா நினைக்கிற?"

சாள்ஸ் மெல்ல வேனின் பக்கம் நகர்ந்தான். "மல்லி, பொலிசில எழுத்து இருக்கிற கார் எண்டு நீ எனக்குச் சொல்லல்ல."

"அது முடிஞ்ச கதை அண்ண."

"எழுத்து முடியிறதில்ல. மட்கார்டில பட்டி இருந்தாச் சுரண்டலாம். தகடு உக்கினா வெட்டி ஒட்டலாம். பொலிஸ் புத்தகத்தில இருக்கிறதுக்கு என்ன செய்ற? நான் பிள்ளகுட்டிக்காரன்." வேனில் ஏறினான். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டான். "நோனா, கார் நல்ல கார். நான் அண்டைக்குச் சும்மா சொன்னது."

வேன் போனது. றவூப் படலை வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த வேன்.

"போகட்டும்," என்றான். பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினான். "கடதாசி என்னட்ட. இப்பவே என்ட பேர எழுதுறன். நானே ஓடுறன்."

முத்துலிங்கம் சட்டைப்பையிலிருந்து வேறொரு கடதாசியை எடுத்தார். புதிய படிவம். அதே எழுத்துகள், அதே வெறுமை.

"எழுது. எனக்கு என்ன? எழுதினதோட நிக்காது. இதில திகதியும் போடணும். போட்டதும் ரெண்டு பேரும் அந்தப் பொலிசுக்குப் போகணும். போய் நீ இப்பிடிச் சொல்லணும். கார் இனி முத்துலிங்கத்தின்ட இல்ல, அண்டைக்கும் முத்துலிங்கத்தின்ட இல்ல, அண்டைக்கு நான் சொன்னது பொய். அப்பிடிச் சொன்னா இந்த நிமிசமே உன்ட பேர எழுதுறன். அவட காப்பு, உன்ட பங்கு, உங்கட மார்க்கம், அதெல்லாம் நீங்க பாத்துக்கொள்ளுங்க. வா."

றவூப் நின்றான்.

"வா எண்டன்."

"பொய் சொன்னன் எண்டு பொலிசில போய்ச் சொல்றதா? இந்த நாளையில? வெளிய விடுவானுகளா?"

"என்னை விட்டானுகள்தானே. ரெண்டு கிழமைக்குப் பிறகு."

றவூப் மணலைப் பார்த்தான். செருப்பு முனையால் ஒரு கோடு இழுத்தான். அதை அழித்தான்.

"அப்ப ஆரும் வராட்டிக் கார் எனக்கு," என்றார் முத்துலிங்கம். "புத்தகத்தில என்ட பேர்தான். இவனே பொலிசில எழுதிக் குடுத்திருக்கிறான். கொண்டு போய்க் களப்பில இறக்கி விடுவன். உப்புத் தண்ணி திண்டு முடிக்கட்டும்."

கமறியா எழுந்தாள்.

ஜெய்னம்பு அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "எங்க போற?"

"விடு."

"இத்தாவில இரிக்கிற. ஒரு மாசம் பொறுக்க ஏலாதா? ஊர் காறித் துப்பும் மச்சி."

"ஒரு மாசத்தில கார் களப்புக்குள்ள கிடக்கும்."

"லெப்பையிட்டக் கேட்டுட்டு..."

"லெப்பையிட்ட றவூப் கேட்டுட்டான். எனக்குக் கிடைச்சது நாலில ஒண்டு."

அவள் அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாள். தலையை மூடி, முகத்தின் கீழ்ப்பாதியைச் சேலையால் மறைத்தாள். முன்வாசலால் இறங்கினாள். மூன்று மாதமாக வெயில் படாத கால். மணல் சுட்டது.

றவூப் ஒரு அடி பின்னால் போனான், பேயைக் கண்டவன் போல. பிறகு கத்தத் தொடங்கினான். "தவ்பா! மதினி! நானாட மையத்து மண்ணுக்குள்ள காய முதல் ரோட்டுக்கு வந்திட்டீங்களா? அந்நிய ஆம்பிளைக்கு முன்னால! பள்ளிவாசலுக்குச் சொல்லுவன். ஒருத்தர் வீட்டிலயும் ஒங்களுக்குச் சோறு குடுக்க மாட்டாங்க!"

அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலை எழும்பியது. எதிர்வளவில் தண்ணீர் அள்ளிக் கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சொல்லு," என்றாள் கமறியா. "பள்ளியில சொல்லக்குள்ள மண்ணெண்ணெயையும் சேத்துச் சொல்லு."

முத்துலிங்கத்தைப் பார்த்தாள். கண்ணுக்கு நேரே பார்த்தாள்.

"என்ட பேர எழுதுங்க. பொலிசுக்கு நான் வாறன்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"காப்பும் அட்டியலும் குடுத்து நான் வாங்கின கார் எண்டு சொல்லுவன். புருசன் பேர் மாத்தல்ல, நானும் மாத்தச் சொல்லல்ல. அண்டைக்கு ஓடினவன் பயத்தில பொய் சொன்னான்."

"காப்பு குடுத்தது உண்மைதான்," என்றார் முத்துலிங்கம். யாருக்கும் சாட்சி சொல்கிற குரல் இல்லை. கணக்கை முடிக்கிற குரல். "என்ட மகள்ட கலியாணத்துக்கு அழிச்சுச் செஞ்சம். ஏறுங்க. திறப்பு எங்க?"

திறப்பு றவூப்பின் இடுப்பு மடியில் இருந்தது. முத்துலிங்கம் கையை நீட்டினார். றவூப் கொடுக்கவில்லை. எடுத்து மணலில் எறிந்தான். முத்துலிங்கம் குனியவில்லை. கமறியா குனிந்து எடுத்தாள்.

கார் நாலாவது முறைதான் உதறிக் கிளம்பியது. கறுத்த புகை. அவள் பின் ஆசனத்தில் இருந்தாள். படலையைத் தாண்டும்போது றவூப் பின்கண்ணாடியில் கையால் அறைந்தான். கண்ணாடி உடையவில்லை. எதிர்வளவுப் பெண் காறித் துப்பினாள். காருக்குத்தானா அவளுக்கா என்று தெரியவில்லை.

கார் கற்பிட்டி ரோட்டில் ஏறியது. முத்துலிங்கம் முன்னால் பார்த்தபடியே சொன்னார், "பிரேக் இடப்பக்கம் இழுக்குது. ஒண்டையும் பாக்காம ஓடியிருக்கிறான் நாய்."

பொலிசில் நெடுநேரம் வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். சார்ஜன்ட் வெள்ளைச் சேலையைப் பார்த்தார், முத்துலிங்கத்தைப் பார்த்தார், இந்த இரண்டு பேரும் எப்படி ஒன்றாக வந்தார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். முத்துலிங்கம் சிங்களத்தில் சொன்னார். பழைய பதிவைத் தேடி எடுத்தார்கள். கமறியா தமிழில் சொல்ல, முத்துலிங்கம் சொல்லுக்குச் சொல் மாற்றினார். தன்னைப் பற்றிய இடங்களில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அந்தத் தம்பி எங்கே?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"வீட்ட," என்றாள். முத்துலிங்கம் மாற்றினார்.

"நாளைக்கு அவனைக் கூப்பிடுவோம். பொய்யென்றால் அதற்கு வேறொரு வழக்கு எழுத வேண்டும்."

அவள் தலையசைத்தாள். முத்துலிங்கம் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தார். றவூப்புக்காக ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சார்ஜன்ட் அவள் அடையாள அட்டை இலக்கத்தை எழுதினார். வீட்டு விலாசத்தை எழுதினார். வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் வர வேண்டும் என்றும் கேட்டு எழுதினார். பிறகு பேனையை மூடி, தனக்குத் தெரிந்த தமிழில் நேரே அவளிடம் சொன்னார்.

"இனி இந்தக் கார்ல ஏதும் நடந்தா, நாங்க அவர்ட வீட்டுக்குப் போறதில்ல. உங்கட வீட்டுக்குத்தான் வாறது. விளங்கினதா? ராத்திரி எண்டாலும்."

"ஓம்."

கையெழுத்து வைத்தாள்.

வெளியே வந்ததும் முத்துலிங்கம் படிவத்தைக் காரின் பொனற்றில் வைத்து, அவள் பேரை எழுதி, திகதியைப் போட்டார். திகதியை எழுதும்போது பேனை கடதாசியைக் கிழிக்கப் பார்த்தது. றவூப்பிடம் உள்ள பழைய கடதாசி முந்த முதல் கொழும்புக்குத் தானே தபாலில் பதிவு செய்து அனுப்புவதாகச் சொன்னார். அவளை நம்பி விடமாட்டாராம்.

"வீடு மட்டும் கொண்டு போய் விடுங்க," என்றாள் கமறியா. "எனக்கு ஓடத் தெரியா."

"இந்தக் காரில இனி நான் ஏறமாட்டன்."

"ரோட்டில விட்டுட்டா போறீங்க?"

"அண்டைக்கு என்னைப் பொலிஸ் விட்ட இடத்தில வந்து நீங்க ஏத்திப் போனீங்களா?" திறப்பைப் பொனற்றில் வைத்தார். பஸ் வரும் பக்கம் நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் நின்று, அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தார்.

அவள் திறப்பை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். உள்ளே வெக்கை. போகிற வருகிறவர்கள் வெள்ளைச் சேலையைக் கண்டு குனிந்து பார்த்தார்கள். ஒருத்தன் கண்ணாடியில் முகத்தை ஒட்டியே பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவன்தான் திருப்பிக் கொண்டான்.

பொலிசுக்குள்ளிருந்து ஒரு மனிதன் தூசணம் பேசியபடி வெளியே வந்தான். அவன் லொறியைச் சோதனைக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். தோளில் துவாய், வாயில் வெற்றிலை. அவளிடம் குனிந்தான்.

"கார் ஹயரா? புத்தளம் போகணும். டிரைவர் எங்க?"

"டிரைவர் இல்ல. ஒங்களுக்கு லைசன் இரிக்கா?"

"லொறிக்காரனிட்டக் கேக்கிற கேள்வியா இது தாத்தா?" என்றான், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி.

"காட்டுங்க."

அவன் காட்டினான். அவள் படத்தையும் முகத்தையும் இரண்டு முறை பார்த்தாள்.

"குறிஞ்சிப்பிட்டி வரைக்கும் ஓடுங்க. அங்க இரிந்து ஒங்களுக்கு பஸ் இரிக்கி. அது வரைக்கும் ஹயரில பாதி தாங்க."

லொறிக்காரன் வெற்றிலையை ரோட்டில் துப்பிவிட்டு அவளைப் பார்த்தான். "நானே ஓடி, நானே காசும் தாறதா? இது எந்த ஊர் ஞாயம்?"

"வேணாட்டி நடங்க," என்றாள் கமறியா. "பிரேக் இடப்பக்கம் இழுக்கும். பாத்து மிதிங்க."

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பஸ் வரவில்லை. பிறகு முணுமுணுத்துக் கொண்டே முன் கதவைத் திறந்தான்.